கோபம் எடுத்த பிறகு

செவ்வூரில் அறுபத்தைந்து வயது முடிந்தவர்களுக்குக் கோபத்தை எடுத்துவிடுவார்கள். கண்புரை எடுப்பதைப் போலத்தான். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். உறவினர்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு மருத்துவமனை வாசலில் காத்திருப்பார்கள். வெளியே வரும் பெரியவருக்குக் கல்கண்டு கொடுப்பார்கள். பிள்ளைகள் காலில் விழுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் யாரையாவது கடிந்து ஒரு சொல் சொன்னார் என்று செவ்வூரில் கேள்விப்பட்டவர் கிடையாது.

செவ்வாய்க் கிரகத்தின் தரையில், ஒன்றோடொன்று ஒட்டிய சில கண்ணாடிக் குமிழ்களுக்குள் இருந்தது அந்த ஊர். வெளியே மூச்சுவிட முடியாது. உள்ளே இருக்கும் காற்றைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சண்டை ஆகாது என்று ஊரை நிறுவியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்த அறிவுகளில் மனநூலும் ஒன்று. மனிதன் இருபது வயதோடு வளர்ந்து முடிவதில்லை, சாகும்வரை அவன் மனம் படிப்படியாக வளர்கிறது, ஒவ்வொரு படியிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று அந்த நூல் சொன்னது. இளமையில் தான் யார் என்று தேடுவது. பிறகு ஒரு துணையிடம் மனதைத் திறந்து வைப்பது. நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்ப்பது. கடைசியில், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, சரி, இதுதான் என் வாழ்க்கை என்று ஒப்புக்கொள்வது. அது முடியாதவர்கள் கசந்து போவார்கள் என்றும் நூலில் இருந்தது.

நல்ல நூல்தான். மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து எழுதியது. செவ்வூர்க்காரர்கள் அதை, மனிதர்கள் எப்படி வளர்ந்தாக வேண்டும் என்ற சட்டமாக்கிவிட்டார்கள். பருவ மன்றம் என்று ஒன்றை வைத்தார்கள். தேடல், துணை, வளர்ப்பு என்ற மூன்று பருவங்களையும் மன்றத்து ஆலோசகர்கள் பேசிப் பேசியே கடக்க வைத்தார்கள். நான்காவதான நிறைவுப் பருவத்துக்கு யாரும் பேச்சை நம்பவில்லை. காதுக்குப் பின்னால், எலும்புக்குள், மிளகளவு ஒரு மணியைப் பதித்தார்கள். பருவமணி என்று பெயர். மூளையில் கோபமும் வருத்தமும் பிறக்கும் இடத்துக்கு அது மெல்லிய மின்துடிப்பை அனுப்பித் தணித்துக்கொண்டே இருக்கும். வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகத் தோலுக்கு அடியில் பச்சையாக ஒளிரும். இந்தச் சடங்குக்கு நிறைவேற்றம் என்று பெயர் வைத்தார்கள்.

செங்கமலத்துக்கு அந்த வயது வந்தது.

அவர் மூட்டுப் பிரிவில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு குமிழ்கள் சேரும் இடத்தில் காற்று கசியாமல் பிடித்துக்கொள்ளும் பெரிய கேஸ்கெட் வளையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அவருடைய பெற்றோர் இறந்ததே அப்படியொரு கசிவில்தான். அப்போது தம்பி வில்லவன் சிறு குழந்தை. அவனைத் தூக்கி வளர்த்ததில் கல்யாணம் என்ற பேச்சே எழவில்லை. துணைப் பருவம் முழுமையடையவில்லை, வளர்ப்புப் பருவம் வரிசை தப்பி முன்னால் வந்துவிட்டது என்று மன்றம் அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் ஆலோசகர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வில்லவன் இப்போது நகர அவையில் உறுப்பினர். ஊருக்குப் புதிதாகக் கட்டிய மேலைக் குமிழ் அவனுடைய பொறுப்பு. அதில் பள்ளிக்கூடம் வரப்போகிறது. அவன் அக்காவைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு புதுப் புடவை இருந்தது.

"வியாழக்கிழமை டாக்டர் பவித்திரன் வரச்சொல்லியிருக்கார் அக்கா."

"கேஸ்கெட்டை மாத்தினியா?"

"நான் என்ன பேசுறேன், நீ என்ன கேக்குறே?"

"மேலைக் குமிழ் கேஸ்கெட்டை மாத்தினியான்னு கேக்குறேன். அந்த ரப்பர் கிடங்குல கிடந்து விறைச்சுப் போனது. நான் ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு ஒதுக்கி வச்சது. வளைச்சா வெடிக்குதுடா. அதுக்குள்ள பிள்ளைங்களை உக்கார வைக்கப் போறியா?"

"சோதனை பண்ணியாச்சு."

"முழு பிரஷர்லயா?"

வில்லவன் புடவையை மேசைமேல் வைத்தான். "அதுக்கு நேரமில்ல. திறப்பு விழாத் தேதி சொல்லியாச்சு. அக்கா, நீ எதை எடுத்தாலும் சண்டை போடுறே. போன வாரம் அவைக்கு வந்து எல்லார் முன்னாடியும் என்னை முட்டாள்னு சொன்னே. இந்த வயசுல சிவனேன்னு இருக்கக் கூடாதா?"

"கேஸ்கெட் நல்லா இருந்தா இருப்பேன்."

"உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு நல்லது வேண்டாம். நல்ல ரப்பர் வேணும்."

வில்லவன் கெட்டவன் அல்லன். அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அக்காவைக் கண்டால் அவனுக்கு இன்னும் பயம். அந்தப் பயத்திலிருந்து விடுபட ஊரே ஒத்துக்கொண்ட ஒரு வழி இருந்தது, அதில் புண்ணியமும் இருந்தது. சம்மதிக்காத பெரியவருக்கு நெருங்கிய உறவினர் ஒப்புதல் படிவத்தில் பெருவிரலை வைத்தால் போதும் என்பது சட்டம். அவன் வைத்தான். வைத்துவிட்டு அழவும் செய்தான்.

வியாழக்கிழமை இரண்டு பணியாளர்கள் வந்தபோது செங்கமலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இழுக்கவில்லை, மரியாதையாக நின்றார்கள். அக்கம்பக்கத்தார் கல்கண்டுத் தட்டோடு வெளியே வந்து நின்றார்கள். "அக்கா, ஊர் பாக்குது" என்றான் வில்லவன். அந்த ஒரு சொல்லில் செங்கமலத்தின் விரல்கள் தளர்ந்தன. அப்படித் தளர்ந்ததற்காக அவர் பின்னால் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் அவர் அசையாமல் படுத்துக் காத்திருந்தார். கோபம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. பல் வலி மாதிரி மெல்ல மெல்ல விடுமா, விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று போய்விடுமா? சோதித்துப் பார்க்க, அந்த ரப்பரை நினைத்தார். தம்பியின் பெருவிரலை நினைத்தார். வயிற்றிலிருந்து தொண்டைவரை நெருப்பு ஏறியது. முன்னைவிட அதிகமாகவே ஏறியது.

"நர்ஸ், இது வேலை செய்யல. எனக்கு இன்னும் கோபம் வருது."

நர்ஸ் குனிந்து அவர் காதுக்குப் பின்னால் பார்த்தாள். பச்சை எரிந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. வாயைத் திறங்க, கல்கண்டு."

வாசலில் வில்லவன் மாலையோடு நின்றான். "டேய், கேஸ்கெட்டை மாத்து. நான் சொன்னது மாறல" என்று செங்கமலம் கத்தினார். அவன் கண்களில் நீர் நிறைந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, எவ்வளவு சாந்தமா இருக்காங்க! வேலை ஞாபகம் மட்டும் விடல" என்றான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் காலில் விழுந்தார்கள்.

மறுநாள் அவர் மூட்டுப் பிரிவை அழைத்தார். நப்பின்னை பேசினாள். செங்கமலத்திடம் தொழில் கற்று, இப்போது அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவள். முன்பெல்லாம் செங்கமலத்தின் குரல் கேட்டால் எழுந்து நின்று பேசுவாள்.

"நப்பின்னை, கவனமாக் கேளு. மேலைக் குமிழ் கேஸ்கெட்..."

"மேடம்! நிறைவேற்றம் நல்லபடியா முடிஞ்சுதாமே? ரொம்ப சந்தோஷம். சாப்ட்டீங்களா?"

"நான் கேஸ்கெட் பத்திப் பேசுறேன்."

"ஆமா மேடம், கேஸ்கெட்" என்றாள் அவள், மழலை பேசும் குழந்தைக்குத் தலையாட்டுவதைப் போல. "நாங்க பாத்துக்குறோம். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. மாத்திரை போட்டீங்களா?"

செங்கமலம் இணைப்பைத் துண்டித்தார். நாற்பதாண்டு வேலையில் அவரை வெறுத்தவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு, எதிர்த்து நின்று வாதம் செய்தவர்கள் உண்டு. அவர் பேசும்போது 'சாப்ட்டீங்களா' என்று கேட்டவர்கள் இல்லை.

நிறைவேற்றம் முடிந்த நிறைவானவர்கள் சில நாளில் வீட்டைவிட்டு நிறைவகத்தில் போய்த் தங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். சுத்தமான கட்டடம், மெத்தென்ற நாற்காலிகள், எந்நேரமும் மென்மையான வீணையிசை. அங்கே ஒரு மூலையில் படுக்கையில் கிடந்தார் ஆசீர்வாதம். பனிச்சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். செவ்வூருக்குத் தண்ணீர் தரையடியில் உறைந்து கிடந்தது. அதை வெட்டி எடுத்தவர்களின் நுரையீரலில் சிவப்புத் தூசி படிந்தது. அவருக்கும் படிந்திருந்தது.

செங்கமலம் உள்ளே வந்து வீணையிசையைக் கேட்டதும் வாய்க்குள் கெட்ட வார்த்தை சொன்னார். படுக்கையிலிருந்து ஒரு கரகரத்த சிரிப்பு எழுந்தது.

"உனக்கும் போகலையா தாயி?"

"என்னது?"

"கோபம்."

செங்கமலம் அவரை உற்றுப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பச்சை எரிந்துகொண்டிருந்தது. "உங்களுக்குமா?"

"எனக்கு மட்டுமா? அதோ அந்த அம்மா, அந்த வாத்தியார், இங்க இருக்குற அத்தனை பேருக்கும். யாருக்கும் போகல."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லலையா?" ஆசீர்வாதம் எழுந்து உட்கார முயன்றார். இருமல் வந்து அவரைப் பிடித்து உலுக்கியது. "வந்த நாள்லேருந்து சொன்னேன். சுரங்கத்துல தூசி வடிகட்டி இல்ல, பசங்க ரத்தமா இருமுறாங்கன்னு என் மகன்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்ட சொன்னேன், பாக்க வந்த அவை உறுப்பினர்கிட்டயும் சொன்னேன். அவரு என் கையைப் புடிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டாரு. அப்புறம் மகன் வர்றதும் நின்னுபோச்சு. நிறைவானவனுக்கு என்ன குறை இருக்கப்போவுது? கொஞ்ச நாள்ல தொண்டை வத்திப் போச்சு தாயி. உனக்கும் வத்தும்."

அந்த இருவரும் நண்பர்களானார்கள். நண்பர்கள் என்றால், காலையிலிருந்து மாலைவரை சேர்ந்து திட்டுவது. அவர் அவையைத் திட்டுவார், இவர் தம்பியைத் திட்டுவார். செங்கமலம் தம் வாழ்வில் யாரிடமும் திறக்காத பலவற்றை அவரிடம் திறந்தார். பெற்றோர் இறந்த அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் வாய் எதையோ சொல்லி அசைந்ததை, அது என்ன சொல் என்று இன்றுவரை தெரியாததை, தம்பியைத் தவிர வேறு யாரையும் நேசிக்க நேரமே இல்லாமல் போனதை. மன்றம் முழுமையடையவில்லை என்று சொன்ன துணைப் பருவம், மன்றத்துக்குத் தெரியாமல், நிறைவகத்தின் மூலையில் முழுமையடைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் செங்கமலம் கேட்டார். "நூல்ல சொன்ன மாதிரி, வாழ்ந்ததை ஒப்புக்க முடியாமத்தான் நாம இப்படிக் கசந்து கிடக்குறோமோ?"

ஆசீர்வாதம் தலையை ஆட்டினார். "இல்ல தாயி. என் வாழ்க்கையை நான் எப்பவோ ஒப்புக்கிட்டேன். சுரங்கம், சங்கம், செத்துப்போன என் பொஞ்சாதி, என்னைப் பாக்க வராத மகன், எல்லாத்தையும். சாவையும் ஒப்புக்கிட்டேன். பசங்க இருமுறதை மட்டும் ஒப்புக்க முடியல. அது என் வாழ்க்கை இல்லியே, அவங்க வாழ்க்கை. அதை ஒப்புக்க நான் யாரு?"

அவர் இறந்தது ஒரு நண்பகலில். மூச்சு திணறத் தொடங்கியதும் பணியாளர்கள் இசையின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்கள். அவர் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த காற்றையெல்லாம் திரட்டி, "வடிகட்டி... வடிகட்டி போடுங்கடா பாவிங்களா!" என்று கத்தினார். அதற்குமேல் காற்று இல்லை. பணியாளர் ஒருவர் கண்களை மூடிவிட்டு, வழக்கமான குரலில், "நிறைவோடு, அமைதியாக அடங்கினார்" என்று ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

செங்கமலம் எழுந்துபோய் அந்த ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார். யாரும் திட்டவில்லை. "அம்மாவுக்குக் கால் இடறிடுச்சு" என்று சொல்லித் தரையைப் பெருக்கினார்கள்.

இறந்தவரின் பருவமணியை எடுத்து உறவினரிடம் கொடுப்பது வழக்கம். மகன் வரவில்லை. அதனால் அது செங்கமலத்தின் கைக்கு வந்தது. இன்ஜினியர் கையில் ஒரு பொருள் கிடைத்தால் அதைத் திறக்காமல் இருக்க முடியாது. மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலிருந்த சின்ன திருப்புளியால் அதன் மூடியை நெம்பினார். உள்ளே ஒரு மணல்மணி அளவு பேட்டரி. அதோடு இணைந்த ஒரு பச்சை விளக்கு. வேறு எதுவும் இல்லை. துடிப்பை அனுப்பும் கம்பி இல்லை, எதுவும் இல்லை.

அவர் நேராக டாக்டர் பவித்திரனின் அறைக்குப் போனார். திறந்த மணியை அவர் மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எப்பலேருந்து?" என்றார் செங்கமலம்.

"நான் வேலையில சேர்றதுக்கு முன்னாடியே."

அவர் சொன்னது இதுதான். முதலில் வைத்த மணிகள் உண்மையாகவே வேலை செய்தன. கோபத்தைத் தணித்தன. கூடவே பசியையும், விழித்தெழ வேண்டும் என்ற எண்ணத்தையும் தணித்தன. பெரியவர்கள் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அப்படியே செத்தார்கள். கோபம் இல்லாவிட்டால் ஒரு கவளத்தைக்கூட எடுத்து வாயில் வைக்க முடியாது என்று அப்போதுதான் மன்றத்துக்குத் தெரிந்தது. நிறுத்தினால் ஏன் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதனால் மணிக்குள் இருந்த கருவியை எடுத்துவிட்டு விளக்கை மட்டும் விட்டுவைத்தார்கள்.

"குடும்பங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயந்தாங்களாம். யாரும் கண்டுபிடிக்கல. 'முன்னைவிட இப்ப நல்லா இருக்காரு டாக்டர், சாப்பிடவும் செய்யுறாரு'ன்னு நன்றி சொன்னாங்களாம்."

"அவங்க கத்தியிருப்பாங்களே!"

"கத்தினாங்க. பச்சை எரிஞ்சா யாருக்கும் காது கேக்கலம்மா. கொஞ்ச நாள்ல அவங்களே நிறுத்திட்டாங்க." பவித்திரன் தம் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டார். அங்கே இன்னும் எதுவும் இல்லை. "எனக்கும் அடுத்த வருஷம் வருது" என்றார்.

"அப்ப என்கூட வாங்க" என்றார் செங்கமலம்.

மேலைக் குமிழின் திறப்பு விழா அதன் மூடிய கதவுக்கு முன்னால் நடந்தது. கண்ணாடி வழியாக உள்ளே வரிசையாகப் போட்ட பெஞ்சுகளும், சுவரில் வரைந்த மீன்களும் தெரிந்தன. பிள்ளைகள் சீருடையில் நின்றார்கள். முன்வரிசையில் நிறைவானவர்களை உட்கார வைத்திருந்தார்கள். நிறைவான ஒருவர் வாழ்த்துரை சொல்லித்தான் எதையும் தொடங்குவது வழக்கம். வில்லவன் பெருமையோடு அக்காவின் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"இந்தக் கதவைத் திறக்காதீங்க" என்றார் செங்கமலம். "உள்ள இருக்குற கேஸ்கெட் செத்துப்போன ரப்பர். பிள்ளைங்களை உள்ள விட்டா கொன்னுடும்."

கூட்டம் கனிவோடு புன்னகைத்தது. வில்லவனும் புன்னகைத்தான். செங்கமலம் அந்த முகங்களைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க! நான் கோபமா இருக்கேன். இந்த மணியில ஒண்ணுமில்ல. வெறும் விளக்கு. இங்க உக்காந்திருக்குற எங்க அத்தனை பேருக்கும் கோபம் இருக்கு. நாங்க சொல்றதைக் கேளுங்க. டாக்டர், எழுந்து சொல்லுங்க."

பவித்திரன் எழ நேரம் எடுத்துக்கொண்டார். எழுந்ததும் ஒரே மூச்சில் சொன்னார். "அம்மா சொல்றது உண்மை. இருபது வருஷத்துக்கும் மேலா நாங்க வெத்து மணிதான் வைக்கிறோம்."

புன்னகைகள் அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, எடுக்க யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசைக்குப் பின்னால் நின்ற ஒருவன் குனிந்து தன் தாயிடம், "அம்மா, உனக்குக் கோபம் இருக்கா?" என்று கேட்டான். அந்த அம்மாள் திரும்பி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"குளிருது, குளிருது, ஒரு போர்வை கொண்டான்னு எத்தனை தடவைடா சொல்றது?"

அதன்பின் முன்வரிசை முழுவதும் பேசத் தொடங்கியது. வாத்தியார் எழுந்து நின்று கத்தினார். நடக்க முடியாத ஒருவர் கைத்தடியால் தரையை அடித்தார். வருடக்கணக்கில் வற்றிக்கிடந்த தொண்டைகள். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவே நப்பின்னை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். கதவோரம் இருந்த கட்டுப்பாட்டுப் பலகையை அடைந்து, ஆளில்லாத மேலைக் குமிழுக்குள் முழு பிரஷரை ஏற்றினாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு துணி கிழிவதைப் போல நீண்ட ஒரு சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் எழும்பி ஒன்றன்மேல் ஒன்று மோதின. கண்ணாடியின் உட்புறத்தில் வெண்பனி படர்ந்து, சுவரிலிருந்த மீன்களை மூடியது. பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வில்லவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செங்கமலம் அவன் அருகில் போனார். அடிக்கத்தான் போனார். ஆனால் அவன் சின்னப் பிள்ளையைப் போல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எந்திரி" என்றார். "முதல்ல ரப்பரை மாத்து. அப்புறம் உன்னைப் பேசிக்குறேன்."

ரப்பரை மாற்றினார்கள். அடுத்த சில வாரங்கள் செவ்வூரில் எந்த வீட்டிலும் அமைதி இல்லை. நிறைவகத்திலிருந்து பெரியவர்கள் வீடு திரும்பினார்கள். பழைய கணக்குகளைக் கேட்டார்கள், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார்கள், அவைக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள், பேரன் பேத்திகளின் பள்ளிக்கூடத்தில் போய் நின்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி வீண் என்றும், மீதிப் பாதி உண்மை என்றும், அந்த உண்மைதான் தாங்க முடியவில்லை என்றும் ஊர் பேசிக்கொண்டது. ஊர் களைத்துப்போனது. அவை கூடியது.

வில்லவன் முகம் மலர அக்காவிடம் ஓடிவந்தான்.

"நீ ஜெயிச்சுட்டே அக்கா! பருவமணியைத் தடை பண்ணியாச்சு. இனிமே யார் காதுக்குப் பின்னாலயும் யாரும் கத்தி வைக்க முடியாது."

"நிறைவேற்றம்?"

"அது இருக்கும். ஜனங்க கேக்குறாங்களே, எப்படி எடுக்குறது? ஆனா ஆபரேஷன் கிடையாது. மணி வேலை செய்யாமலே இத்தனை வருஷம் எல்லாம் நல்லபடியா நடந்திருக்குல்ல? அப்ப மணி எதுக்கு? ஒரு மேடை போடுவோம். ஒரு மாலை, ஒரு பொன்னாடை. நாலு பேர் பெரியவங்களைப் பத்தி உயர்வா பேசுவாங்க. அவ்வளவுதான்."

செங்கமலம் அவனை வெறித்துப் பார்த்தார். "டேய், நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? நாங்க சொல்றதைக் கேளுங்கன்னுதானே சொன்னேன்?"

"கேக்கத்தான் போறோம். முதல் பொன்னாடை உனக்குத்தான். ஏற்புரைக்குன்னு தனியா நேரம் வச்சிருக்கோம்."

போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, மைக் இருக்கும் என்பதால் போனார். பனிச்சுரங்கத்துக்கு இன்னும் வடிகட்டி வரவில்லை. அன்று காலைகூட இரண்டு இளைஞர்களை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. "அம்மாவின் அறச்சீற்றம் நம் ஊரின் சொத்து" என்றார் ஒருவர். "இந்தக் கோபத்தை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவருடைய கோபத்தைப் பற்றிக் கவிதையே எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிறகு வில்லவன் சரிகை மின்னும் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினான். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. மைக் கைக்கு வந்தது.

"சுரங்கத்துல வேலை செய்யுற பசங்க இப்பவும் ரத்தமா இருமுறாங்க" என்று தொடங்கினார் செங்கமலம். "வடிகட்டி போடச் சொல்லி ஆசீர்வாதம்னு ஒருத்தர் சாகுற வரைக்கும் கத்தினார். இன்னும் போடல. இந்த அரங்கத்துக்குப் போட்ட விளக்குக்கு ஆன செலவுல..."

கைதட்டல் எழுந்தது. முன்னாலிருந்து பின்வரை அலையாகப் போய்த் திரும்பியது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். "இந்த வயசுலயும் குரல் எப்படிக் கணீர்னு இருக்கு பாரு" என்று ஒரு தாய் தன் மகளிடம் சொன்னாள். அறிவிப்பாளர் புன்னகையோடு குனிந்து, இரண்டு கைகளாலும் மைக்கை வாங்கிக்கொண்டு, அடுத்த பெரியவரை மேடைக்கு அழைத்தார்.

மைக் இல்லாமலே செங்கமலம் பேசிக்கொண்டிருந்தார். கையை வீசி வீசிப் பேசியதில் பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. யாரோ ஒரு பெண் ஓடிவந்து, மிகுந்த மரியாதையோடு, அதை இழுத்து மறுபடியும் போர்த்திவிட்டாள்.